மூன்றாம் வகுப்பு ஆடு

"ஆடு எங்கே?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

மூன்றாம் வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"ஒளியப் போச்சு டீச்சர்," என்றான் பொன்ராஜ். அவன்தான் மேய்ப்பன். கையில் கம்பு, தலையில் துண்டு.

"அது தெரியும். கண்டுபிடிச்சியா இல்லையா?"

"பெஞ்சுக்கடியில எல்லாம் பார்த்துட்டேன் டீச்சர். ஆளக் காணோம்."

ஆடு என்பது ஆஃப்ரின். உடம்பு முழுக்கப் பஞ்சு ஒட்டி, காதுக்கு இரண்டு அட்டை வைத்து, செல்வலட்சுமிதான் அவளை அலங்காரம் செய்திருந்தாள். "மேய்ப்பன் வந்து தொடுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது," என்று சொல்லி ஒளிய அனுப்பியதும் அவளேதான்.

"ஆஃப்ரின், போதும். வெளிய வா."

எந்த மூலையிலிருந்தும் யாரும் வரவில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது.

செல்வலட்சுமி வாசலுக்கு வந்து வெளியே பார்த்தாள். பள்ளிக்கூடம் பரளச்சி ரோட்டோரம். பின்பக்க மதில் பாதி இடிந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம், அதற்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு.

போன மாதம் ஒரு பையன் வகுப்பு நடக்கும்போதே பொடிநடையாக வீட்டுக்குப் போய்விட்டான். அன்று தலைமையாசிரியை சிஸ்டர் கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு பிள்ளை வெளிய போச்சுன்னா டீச்சரும் வெளியதான்," என்றார். செல்வலட்சுமி இன்னும் நிரந்தரம் ஆகாதவள்.

அதோடு இன்றைக்கு மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஃபாதர் வருகிறார். நன்னெறிப் பாடத்திட்டத்தில் மாதத்துக்கு ஒரு பண்பு. இந்த மாதம் அக்கறை. ஓர் ஆடு தப்பிப் போக, மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அதைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைப் பிள்ளைகள் அவர் முன்னால் நடித்துக் காட்ட வேண்டும்.

நேற்றுக் கதையைச் சொன்னபோதே பொன்ராஜ் கையைத் தூக்கியிருந்தான். "மத்த ஆட்டையெல்லாம் யாரு டீச்சர் பார்த்துக்கிட்டது?"

"யாரும் இல்ல. விட்டுட்டுத்தான் போனாரு."

"நாய் புடுங்கிரும்ல. எங்கப்பா அந்த ஆளைக் கூலிக்குக்கூட வைக்க மாட்டாரு."

செல்வலட்சுமி நேராகச் சத்துணவுக் கூடத்துக்குப் போனாள். ராக்கம்மாள் பருப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொன்னால் குழம்பு ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"அக்கா, மூணாங் கிளாஸைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்."

"போயிட்டு வாங்க டீச்சர். மொகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு. வயிறு சரியில்லையா?"

"ஆமாக்கா."

பாத்ரூமில் ஆஃப்ரின் இல்லை. மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இல்லை. செல்வலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடிந்த மதிலைத் தாண்டினாள்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். கீழே, பச்சைத் தண்ணீரில், வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"ஆஃப்ரின்," என்றாள். ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். அலையில் அந்த வெள்ளை மெல்லப் புரண்டது. உரச் சாக்கு. செல்வலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தாயி, வெயில்ல உக்காந்திருக்கீக?"

ஆடு மேய்க்கும் மொக்கையன் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் காணோம் என்று இவரிடம் சொன்னாலும் ஆபத்துதான்.

"ஐயா, வெள்ளையா ஒண்ணு இந்தப் பக்கமா வந்துச்சா?"

"ஆடா?"

ஒரு கணம் யோசித்தாள். "ஆமா. ஆடுதான்."

"சின்னதா?"

"சின்னதுதான்."

"அந்தா, கருவேலங்காட்டுக்குள்ள தனியா ஒண்ணு நின்னு முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாங்க."

தனியாக, முழித்துக்கொண்டு. செல்வலட்சுமிக்கு உயிர் திரும்பியது. முள் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் அவருக்கு முன்னால் ஓடினாள். தூரத்தில் யார் யாரோ கூப்பிடுவது போல் ஒரு சத்தம் கேட்டது. காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

புதருக்குள் நின்றது உண்மையிலேயே ஆடு.

"இதுதான?" என்றார் மொக்கையன்.

செல்வலட்சுமி அதையே பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

"நானு நம்மூரு முருகேஸ்வரி வீட்டு ஆடோன்னு நெனச்சேன். நல்ல வேளை, உங்களுதா," என்று அதன் கழுத்துக் கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு அவர் நடையைக் கட்டினார். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் எந்த ஆட்டைத் தேடினீர்கள் என்று கேட்பார்.

ஆடு மதிலைத் தாண்ட மறுத்தது. இழுத்தாள். அது உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, வேலை போனால் போகட்டும், போலீஸுக்குச் சொல்லியாவது பிள்ளையைத் தேட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள்.

அங்கே வெள்ளைக் கார் ஒன்று நின்றது. சிஸ்டரும் ஃபாதரும் எதிரில் வந்துகொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், ஒரு விஷயம் சொல்லணும்."

சிஸ்டர் அவள் தோளைப் பார்த்தார். முள் கிழித்த சேலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா ஃபாதர்? எங்க டீச்சர் நிஜ ஆட்டையே கொண்டுவந்துட்டாங்க."

"இவ்வளவு ஈடுபாட்டோட நான் யாரையும் பார்த்ததில்ல," என்றார் ஃபாதர். "மேக்கப்பெல்லாம் அப்படியே தத்ரூபமா இருக்கு."

"சிஸ்டர், அது இல்ல..."

"எல்லாம் வகுப்புல பேசிக்கலாம். ஃபாதருக்கு நேரமில்ல. வாங்க."

இருவரும் முன்னால் நடந்தார்கள். செல்வலட்சுமி ஆட்டோடு பின்னால் ஓடினாள். வகுப்பு வாசலில் சிஸ்டர் சட்டென்று நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை. மேய்ப்பனின் கம்பு மட்டும் தரையில் கிடந்தது.

"பிள்ளைங்க எங்க டீச்சர்?" சிஸ்டரின் குரல் தாழ்ந்து வந்தது.

ஒன்றைத் தேடப் போனவள் மொத்தத்தையும் தொலைத்துவிட்டு நின்றாள். தோளிலிருந்த ஆடு வாய்விட்டுக் கத்தியது.

அந்தச் சத்தத்துக்குக் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் எழுந்தது. உடம்பெல்லாம் பஞ்சு, ஒரு காது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆஃப்ரின்," செல்வலட்சுமி ஆட்டை இறக்கிவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்கம்மா போன?"

"எங்கயும் போகல டீச்சர். பீரோவுக்குப் பின்னாடிதான் இருந்தேன். எறும்பு கடிச்சுச்சு, வந்துட்டேன்."

"மத்தவங்கெல்லாம் எங்க?"

ஆஃப்ரின் பதில் சொல்வதற்கு முன்னால் டீச்சரின் முந்தானையை எடுத்துத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"பாத்ரூம்ல உங்களக் காணோம்னு ராக்கம்மா அக்கா எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் தேடிப் போயிருக்காக, நீங்களா திரும்பி வந்தா மறுபடி எங்கயும் போயிராமப் பிடிச்சு வைக்கச் சொல்லி என்னைய விட்டுட்டுப் போனாக டீச்சர்."