மீனுக்கு இது காணும்

'காணும்' மனிதர் என்றொரு இனம் உண்டு. போதும் என்பதைக் காணும் என்று சொல்கிற எங்கள் வெள்ளவத்தையில் அந்த இனம் நன்றாகவே பெருகியிருக்கிறது. தனக்கு இவ்வளவு காணும் என்கிறவர் ஞானி. அவரை நான் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு காணும் என்று தீர்மானிக்கிறவரைச் சொல்கிறேன். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போனால், "தோல்தானே, போடப்போட இளகும்" என்று ஓர் அளவு குறைத்து வாங்குவார். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு நாலு பேர் மேசையை வாங்கி வைத்துவிட்டு, "எல்லாரும் ஒரே நேரத்திலயோ சாப்பிடப்போறியள்?" என்று கேட்பார். ஆட்டோவில் ஐந்து பேரை ஏற்றி, மூச்சு விடாமலிருந்தால் தாராளமாக உட்காரலாம் என்று நிரூபிப்பார். அளவு நாடா அவர் வீட்டில் இருக்காது. எதற்கு? கண் இருக்கிறதே!

எங்கள் மாடிக்கு நேர்கீழே குடியிருக்கும் குகதாசன் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. காப்புறுதிக் கொம்பனியில் பெரிய உத்தியோகம். அவருக்கு ஒருநாள் அரோவனா மீன் வளர்க்கும் ஆசை வந்தது. வெள்ளித் தகடு போல மின்னும் அந்த மீன் வீட்டில் இருந்தால் யோகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

கிருலப்பனையில் மீன் கடைக்காரர், விரல் நீளத்தில் இருந்த குஞ்சைக் காட்டி, "மாத்தயா, அடி ஹயக்வத் ஓனே" என்றாராம். ஐயா, ஆறடியாவது வேண்டும் என்று சிங்களத்தில் அர்த்தம்; வளர்ந்தால் மீன் மூன்றடி போகுமாம். சொல்லிவிட்டுக் குஞ்சையும் பையில் கட்டிக் கொடுத்தார். வியாபாரி அல்லவா?

குகதாசன் வாங்கியது இரண்டடித் தொட்டி. சப்பாத்து அடுக்கும் ராக்கைக்கு மேல் அது அச்சொட்டாகப் பொருந்தியது.

"கடைக்காரன் பெரிய தொட்டி விக்கப் பாக்கிறான். தொட்டிக்கேத்த மாதிரித்தான் மீன் வளரும், தெரியுமோ?" என்றார் என்னிடம்.

இந்த விஷயத்தை மீனிடம் யாரும் சொல்லவில்லை. அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. மூன்றடித் தொட்டி வந்தது. அதையும் மீறி வளர்ந்தது. நாலடித் தொட்டி வந்தது. பக்கத்தில் டிவி இருந்ததால் நீளம் நாலடிதான், அகலமோ ஹாலின் நடைபாதைக்கு இடைஞ்சலில்லாமல் ஒன்றேகாலடி. குறைந்த அகலத்துக்கு ஈடாக உயரத்தைக் கூட்டிவிட்டார். மேற்பரப்பில் மட்டும் நீந்துகிற மீனுக்கு உயரம் என்னத்துக்கு என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கலாம்; அவர் மனைவி ரூபிகாவும் கேட்டார். "சும்மா இரும், தண்ணியின்ர அளவு ஒண்டுதானே" என்று பதில் வந்தது.

இப்போது மீன் இரண்டடியைத் தாண்டிவிட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரும். திரும்ப இடமில்லாமல் வாலைக் கண்ணாடியில் இடித்து, உடம்பை இடியாப்ப உரலிலிருந்து வந்தது போல வளைத்து, ஒருமாதிரித் திரும்பும். நாளடைவில் அந்த வளைவு உடம்பிலேயே தங்கிவிட்டது.

"பாவம், கூனிப் போச்சே" என்றார் அடுத்த வீட்டு நிம்றா.

"கூனல் இல்ல தங்கச்சி, அது ஸ்டைல்" என்றார் குகதாசன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் என்னையும் நிம்றாவையும் தேத்தண்ணிக்கு அழைத்தார். மீனுக்கு ஒரு குறையும் இல்லை என்று எங்களுக்குக் காட்டவேண்டுமாம். மூடியைத் திறந்து, ஓர் இறாலை விரல் நுனியில் பிடித்து, "இப்ப பாருங்கோ, என்ன சந்தோஷமா வருது எண்டு" என்றார்.

வந்தது. இறாலைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, குகதாசனின் நெஞ்சில் அறைந்து, மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டு, நிலத்தில் விழுந்து துடித்தது.

குகதாசன் சோபாவில் ஏறி நின்றுகொண்டு, "மூடியைப் போடுங்கோ! கெதியா மூடியைப் போடுங்கோ!" என்று கத்தினார். உள்ளே மீன் இல்லாத தொட்டிக்கு நானும் மரியாதையாக மூடியைப் போட்டேன்.

நல்லவேளை, வீட்டில் பெண்கள் இருந்தார்கள். ரூபிகா துவாயை நனைத்து மீனைச் சுற்றித் தூக்கினார். நிம்றா தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக அள்ளிக் குளியலறை டப்பில் ஊற்றினார். மீன் கொஞ்ச நேரம் சரிந்து கிடந்தது. ரூபிகா முழந்தாளிட்டு, கையால் அதைத் தாங்கிப் பிடித்தபடியே இருந்தார். மெல்லச் செவுள் அசைந்தது.

"தப்பிச்சிட்டுது" என்றார் நிம்றா.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த குகதாசன், "டப் ஐஞ்சடி இருக்கும். இது காணும் போல கிடக்கு" என்றார்.

ரூபிகா திரும்பினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"கலியாணம் கட்டின நாள் துவக்கம் எனக்கு இது காணும், அது காணும் எண்டு நீங்கள்தான் சொல்லிக்கொண்டு வாறியள். நான் ஒண்டும் சொல்லேல்ல. இந்த மீன் பாய்ஞ்சு சொல்லிப்போட்டுது. அதை அனுப்பவேணும். இல்லாட்டி நான் போறன்."

குகதாசன் விழுந்த மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனார்.

நிம்றாவின் கணவர் ஸவாஹிரின் அண்ணனுக்குத் தெமட்டகொடையில் பெரிய வீடு. பின்வளவில் மீன்கள் உள்ள சீமெந்துக் குளம். மறுநாளே ஸவாஹிரின் வான் வண்டியில் கொண்டுபோனோம். குளத்தில் விட்டதும் மீன் என்ன செய்தது தெரியுமா? ஒரு மூலையில் நாலடி தூரம் போனது, வளைந்து திரும்பியது, நாலடி வந்தது, மறுபடி வளைந்தது. எதிரே முழுக் குளமும் விரிந்து கிடந்தது.

"பாத்தியளோ!" என்று துள்ளினார் குகதாசன். "நாலடிக்கு மேல அதுக்கே தேவையில்ல!"

ரூபிகா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெடுநேரம் அப்படியே நீந்தியது. பிறகு ஒருதரம், வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்ப மறந்துவிட்டது போல, நேரே போனது. போய்க்கொண்டே இருந்தது. மறுகரையில், எதையும் இடிக்காமல் பெரிய வட்டமாகத் திரும்பியது.

குகதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டியில் ஏறிய பின், "எங்களைத் திரும்பிப் பாக்கவே இல்ல" என்றார் மெதுவாக.

"இப்பதான் அதுக்குத் திரும்ப இடம் கிடைச்சிருக்கு. அதை உங்களைப் பாக்கவோ செலவழிக்கும்?" என்றார் ரூபிகா. ஆனால் வீட்டைவிட்டுப் போகவில்லை. அடுத்த கிழமை அந்த நாலடித் தொட்டியை அவரே ஆட்களை வைத்துக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நடைபாதையில் மிஞ்சிய இடுக்கில் குகதாசன் பக்கவாட்டாக நடந்து போகிறார்.

வாசகரே, நன்றாகச் சிரித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதை வாசித்துக்கொண்டு வரும்போது, 'அந்த டிவியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் நாலரையடிக்கு இடம் வந்திருக்குமே' என்று உங்கள் மனதில் ஓடியதா, இல்லையா?