பார்வைப் பதிவு

இந்த முறை போயே தீருவது என்று முடிவு செய்தேன். யார் தடுத்தாலும் சரி. யார் தடுப்பது? வீட்டில் இருப்பதே ஒருத்திதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வருஷம் வேலை. இப்போது வயது எழுபத்தொன்று. ஆயுள் முழுக்க ஜனங்களை மேலே அனுப்பினேன். அதிகபட்சம் பதினாலாவது மாடி. அதற்கும் மேலே போகிற ஒன்றை, அது கிளம்புகிற இடத்தில் நின்று, என் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ராக்கெட். வேறு ஆசை கிடையாது.

சமையலறைக் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் நான் சிவப்பு மையில் குறிப்பேன். நிலாவுக்குப் போகும் கலம் எந்த மாதம், ஆளோடு கிளம்புவது எப்போது, நகர அரங்கில் விஞ்ஞானி பேச்சு என்றைக்கு, பூங்காவில் தொலைநோக்கி காட்டுவது என்றைக்கு. எல்லாம் இருக்கும். அதே காலண்டரில் என் மனைவி நீல மையில் குறிப்பாள். பால் வராத நாள். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள். சிவப்பும் நீலமும் ஒரே கட்டத்தில் மோதினால் நீலம்தான் ஜெயிக்கும்.

“செவ்வாய்க்கு ராக்கெட் விடறாங்க” என்றேன் ஒருநாள்.

“வர்ற செவ்வாயா? அன்னிக்குத் தொட்டி கழுவணும். எங்கேயும் போகாதீங்க.”

இப்படித்தான் மூன்று ராக்கெட் போயிற்று. முதல் ராக்கெட் கிளம்பியபோது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டார். எடுத்துவிடப் போனேன். இரண்டாவது கிளம்பியபோது மச்சான் வீடு மாற்றினான். நான் பீரோவுக்கு அடியில் இருந்தேன். மூன்றாவதை டிவியிலாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பத்து, ஒன்பது, எட்டு...

“என்னங்க, ஏதோ உஸ்ஸுன்னு சத்தம் வருது. கேஸ் அடுப்பைப் பாருங்க.”

ஓடினேன். அடுப்பில் ஒன்றுமில்லை. சத்தம் டிவியிலிருந்துதான் வந்தது. திரும்பி வந்தபோது புகை மட்டும் இருந்தது.

இப்போது நாலாவது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நிலாவைச் சுற்றி வரப்போகிறது. கடற்கரையில் ஏவுதளம். பக்கத்தில் பொதுமக்களுக்கு ஒரு மாடம் கட்டியிருக்கிறார்கள். பார்வை மாடம் என்று பெயர். முன்கூட்டிப் பதிவு செய்தால் வீட்டுக்கு இரண்டு பாஸ். இதை விட்டால் அடுத்தது நாலு வருஷம் கழித்து. அதற்குள் நானே மேலே போயிருக்கலாம்.

தேதியைக் குறிக்கக் காலண்டரைப் புரட்டினேன். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே நீலம். ‘பெயிண்டர்.’

“பெயிண்ட் அடிக்கிற அன்னிக்கு நீங்க வீட்ல இருக்கணும். சொல்லிட்டேன்” என்று ஒரு வாரமாக என்னை ஏவிக்கொண்டிருந்தாள். ராக்கெட்டை ஏவுகிறவர்களாவது ஒரு தடவைதான் ஏவுகிறார்கள்.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை அவளே கேட்டாள். “அந்த ராக்கெட் விடற இடத்துக்கு நானும் ஒரு நாள் வரட்டுமா?” என்று. “உனக்கு அதெல்லாம் என்ன புரியும்?” என்றேன். அதோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

எனக்குத் துணை எதிர்வீட்டு டெய்லர். எதையும் அளந்து பேசுகிற ஆள்.

“அண்ணே, ரெண்டாவது பாஸ் எனக்கு. ஆனா என் சம்சாரத்துக்குத் தெரியக்கூடாது.”

“என் சம்சாரத்துக்கும்தான்.”

“அப்ப சரி.”

ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் உண்டு. கடைக்கார அம்மா படிவத்தை நிரப்பினாள். போன் நம்பர் கேட்டாள். என்னுடையது பட்டன் போன். அதில் பாஸ் வராதாம். டெய்லரின் போனை அவன் சம்சாரம் நாளுக்கு மூன்று தடவை சோதனை போடுவாள். வேறு வழியில்லை. என் மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். அவள் மெசேஜ் படிக்கிற ஜாதி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

“ஓடிபி போயிருக்கு சார். கேட்டுச் சொல்லுங்க” என்றாள் கடைக்கார அம்மா.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

“உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். அதைப் படி.”

“இருங்க, கண்ணாடி எடுக்கறேன். ம்... ‘உங்கள் பார்வைப் பதிவுக்கான எண்.’ என்னது இது, பார்வைப் பதிவு?”

டெய்லர் தன் கண்ணைக் காட்டினான். பிடித்துக்கொண்டேன்.

“கண் ஆஸ்பத்திரி. பார்வை மங்கலா இருக்குன்னு பதிவு பண்றேன்.”

“அய்யய்யோ, சொல்லவே இல்லையே! எப்ப வரச் சொல்றாங்க?”

“இருபத்திரெண்டாம் தேதி.”

“பெயிண்டர் வர்ற அன்னிக்கா?”

“அன்னிக்குத்தான் பெரிய டாக்டர் வர்றார்.”

“சரி. கண்ணுதான் முக்கியம். எழுதிக்குங்க. நாலு, ஏழு, ஒண்ணு...”

கடைக்கார அம்மா அச்செடுத்த பாஸ் கையில் வந்தது. டெய்லர் என்னைக் கட்டிப்பிடித்தான். பழக்கதோஷத்தில் மார்பளவும் எடுத்தான்.

இருபத்திரண்டாம் தேதி விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“கண் ஆஸ்பத்திரி இவ்வளவு காலையிலயா திறக்கறாங்க?”

“டோக்கன் போடணும்.”

“தொப்பி எதுக்கு?”

“வெயில்.”

“பையில என்னங்க கனமா? பைனாகுலரா?”

ஒரு விநாடி ஆடிப்போனேன். ஆனால் நாற்பத்தொரு வருஷம் அறுந்த கேபிளோடு மல்லுக்கட்டியவன் நான்.

“தூரப் பார்வையைச் சோதிப்பாங்க. அதுக்கு நாமதான் கொண்டு போகணும்.”

“ஓ. அப்ப மடக்கு நாற்காலியும் எடுத்துக்குங்க. ஆஸ்பத்திரியில உட்கார இடம் இருக்காது. சாப்பாடு கட்டியிருக்கேன். டெய்லர் தம்பிக்கும் சேர்த்து. அவர்தானே துணைக்கு வர்றார்?”

எனக்கே பாவமாக இருந்தது. இப்படி ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று.

“பெயிண்டர் வந்தா பார்த்துக்க” என்றேன், கொஞ்சம் குரல் தழுதழுக்க.

“அவர் இன்னிக்கு வரலைங்க. ராத்திரி போன் வந்துச்சு. ஏதோ வால்வுல கசிவாம். நாளைக்கு ஒத்தி வெச்சாச்சு.”

“ஐயோ பாவம். சின்ன வயசுதானே! ஹார்ட்டா?”

“எதுவோ. நாளைக்குக் கண்டிப்பா கிளம்பிடுமாம்... கிளம்பிடுவாராம். நீங்க பத்திரமா போயிட்டு வாங்க. நல்லாப் பாருங்க.”

வாசல் வரை வந்து கை ஆட்டினாள். அப்படி அவள் கை ஆட்டி முப்பது வருஷம் இருக்கும்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம். டெய்லர் குஷியில் பாடினான். நான் அவனுக்கு முதல் கட்டம், இரண்டாம் கட்டம், எரிபொருள், சுற்றுப்பாதை எல்லாம் விளக்கினேன். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். கடல் தெரிந்தது. தூரத்தில் ஏவுதளம். வெள்ளையாக, ஒல்லியாக, நிமிர்ந்து நின்றது என் ராக்கெட்.

பார்வை மாடத்தின் வாசலில் ஒரு காவலாளி. வேறு யாருமே இல்லை.

“நாமதான் முதல்ல அண்ணே!” என்றான் டெய்லர்.

காவலாளி பாஸை வாங்கிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மடக்கு நாற்காலியைப் பார்த்தார்.

“இன்னிக்கு இல்லையே சார். ஏதோ கோளாறு. நாளைக்குக் காலையில பதினொண்ணு இருபதுக்கு.”

“யாரும் சொல்லலையே!”

“நேத்து ராத்திரியே எல்லாருக்கும் மெசேஜ் போயிடுச்சே. இந்தப் பாஸ் செல்லாது. புதுப் பாஸும் அதே நம்பருக்குத்தான் வந்திருக்கும். அதைக் காட்டினா யாரை வேணா விடுவோம்.”

மணலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டோம். பைனாகுலரில் ராக்கெட்டைப் பார்த்தேன். அசையாமல் நின்றது. பழுதான லிஃப்ட் மாதிரி.

“அண்ணிக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

“அவளா? மெசேஜே படிக்க மாட்டா. இன்னிக்குப் போய், அவ போனை நைசா எடுத்து, பாஸை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிடலாம். நாளைக்கு மறுபடி வரலாம்.”

“வீட்ல என்ன சொல்றது?”

“இன்னொரு கண்ணு.”

டெய்லர் என் மூளையை மெச்சினான். பஸ் நிலையத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். நம்ப வைக்க வேண்டாமா?

அது பெரிய தப்பு.

“மருந்து ஊத்தினாங்களா?” என்றாள் வீட்டில்.

“ஊத்தினாங்க. ஒரு கண்ணுக்குத்தான். நாளைக்கு மறு கண்ணு.”

“நாளைக்கா? பெயிண்டர் வர்றாரே. மறு கண்ணு எங்கேயும் ஓடிடாது. அடுத்த வாரம் போங்க. எனக்கும் நாளைக்கு வெளியில ஒரு வேலை. டெய்லர் சம்சாரத்தோட போறேன்.”

“என்ன வேலை?”

“பொம்பளைங்க வேலை. உங்களுக்கு அதெல்லாம் என்ன புரியும்?”

இந்த வாக்கியத்தை எங்கோ கேட்டமாதிரி இருந்தது.

“சரி, உன் போனைக் கொடு. மச்சானைக் கூப்பிடணும்.”

“கண்ணுல மருந்து ஊத்தினவங்க போனைத் தொடவே கூடாது. டிவி கூடாது. பேப்பர் கூடாது. வெளிச்சம் கூடாது. டாக்டர் சொல்லலை?”

“சொல்... சொன்னார்.”

“பின்னே?”

போன் அவள் இடுப்பில் ஏறியது. அங்கேயிருந்து இறங்கவே இல்லை. டிவியின் மேல் ஒரு போர்வை விழுந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டாள். நல்ல புடவை. கையில் என் மடக்கு நாற்காலி.

“நாற்காலி எதுக்கு?” என்றேன்.

“உங்களுக்குக் கண்ணு தெரியுதா?”

“இல்ல. சத்தம் கேட்டுச்சு.”

“பெயிண்டரைப் பார்த்துக்குங்க. இல்ல இல்ல, பார்க்க வேண்டாம். மோந்துக்குங்க.”

பதினொரு மணிக்குத்தான் பெயிண்டர் வந்தார். திடமான ஆள். ஏணியில் நாலு படி ஒரே தாவு. நான் பதறிப்போனேன்.

“மெதுவா தம்பி, மெதுவா! வால்வு இப்ப எப்படி இருக்கு?”

“எந்த வால்வுங்கய்யா?”

“உன் ஹார்ட்ல. கசிவுன்னு நேத்து வரலையே.”

“எனக்கு ஒரு கசிவும் இல்லைங்கய்யா. அம்மாதான் முந்தாநாள் ராத்திரி போன் பண்ணி, நாளைக்கு வேண்டாம், நாளன்னிக்கு வான்னாங்க.” மேலே நின்றபடி தன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார். “வால்வு கசிஞ்சது ராக்கெட்லங்க. அதான் நேத்து விடலை. இன்னிக்கு விடறாங்க. நேரடியா காட்டறான். பார்த்துக்கிட்டே அடிக்கலாம்னு.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஓடிப் போய்ப் பையைத் திறந்தேன். பைனாகுலர் இல்லை.

அந்நேரத்துக்கு டெய்லர் தெருவைத் தாண்டி ஓடிவந்தான்.

“அண்ணே, என் சம்சாரம் என் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கா! பொம்பளைங்க வேலைக்குத் தொப்பி எதுக்குண்ணே?”

ஏணியைக் காட்டினேன். நான் மூன்றாவது படியில். அவன் இரண்டாவது படியில். பெயிண்டர் உச்சியில். ஓர் உள்ளங்கை அகலத் திரையில் மூன்று தலைகள். பதினொன்று பதினெட்டு.

பார்வை மாடம் நிரம்பி வழிந்தது. மைக் பிடித்த பெண் ஒருத்தி கூட்டத்துக்குள் நுழைந்தாள். முன்வரிசையில், என் மடக்கு நாற்காலியில், என் பைனாகுலரோடு ஒரு அம்மாள். பக்கத்தில் டெய்லரின் தொப்பி.

“ஐயா, நம்ம அம்மா மாதிரியே இருக்காங்க!” என்றார் பெயிண்டர்.

“ராக்கெட் பார்க்கறதுல அவ்வளவு ஆர்வமாம்மா?” என்றாள் மைக்காரி.

“எனக்கு எங்கேங்க! எங்க வீட்டுக்காரருக்குத்தான் உயிர். பாவம், கண்ணுல மருந்து ஊத்தியிருக்கார். அவருக்கும் சேர்த்து நான் பார்த்துட்டுப் போறேன்.”

கூட்டம் கை தட்டியது. பெயிண்டரும் தட்டினார், பிரஷ் பிடித்த கையால். என் மேல் வெள்ளை தெறித்தது.

பத்து, ஒன்பது, எட்டு. நான் மூச்சைப் பிடித்தேன். ஏழு, ஆறு. டெய்லர் என் காலைப் பிடித்தான். ஐந்து, நாலு, மூன்று. திரை இருண்டது. பெயிண்டரின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. போர்வைக்குள் டிவி இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது. பாய்ந்து போர்வையை உருவி அதைப் போட்டேன். புகை மட்டும் இருந்தது.

சாயங்காலம் வந்தாள். முகமெல்லாம் வெயில், வாயெல்லாம் சிரிப்பு. பைனாகுலரை மேசையில் வைத்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ராக்கெட் கிளம்பினது நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆனா நேத்துக் காலையில நீங்க கிளம்பினீங்க பாருங்க, அந்த அழகு வரலை.”