முறைப்படியாரும் பின்வாசலும்

மனித இனத்தில் 'முறைப்படியார்' என்றொரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரிசையே இல்லாத பேருந்து நிறுத்தத்தில் தான் ஒருவராகவே வரிசையாக நிற்பார். வீட்டில் மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதற்குக் குடும்பத்தைக் கூட்டுவார். மனைவி "வேர்க்குதுங்க" என்றால், "அது கருத்து, தீர்மானம் இல்ல" என்பார். கெட்டவரா? சேச்சே, தங்கமானவர். அதுதான் தொல்லையே.

எனக்குத் தெரிந்த முறைப்படியார் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் படிக்கும் பள்ளியின் முன்வாசல், லாரிகள் பறக்கும் சாலையில் திறக்கிறது. போன வாரம் ஒரு பிள்ளையின் புத்தகப் பை சக்கரத்தில் அரைபட்டது. பிள்ளை மயிரிழையில் தப்பியது. பின்வாசல் வழியே விடலாம்தான். ஆனால் வண்டியில் வரும் பெற்றோர் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

"சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள பேசி முடிவு சொல்லுங்க. எதுவானாலும் எனக்குச் சம்மதம்" என்று பள்ளிக் கூடத்தில் கூடியிருந்த பெற்றோரிடம் சொல்லி, தலைமை ஆசிரியை பின்வாசல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் யார்? நம் ஆள்தான்.

கையைத் தூக்குங்கள் என்றிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். சொல்வாரா?

"முதல்ல யாருக்கு ஓட்டுன்னு முறைப்படி முடிவு பண்ணணும். குடும்பத்துக்கு ஒண்ணா, பிள்ளைக்கு ஒண்ணா?"

இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தையல்கார அம்மா எழுந்தார். "பிள்ளைக்கு ஒண்ணுன்னா எனக்கு ரெண்டா?"

"ஒரே பிரசவம்தானேம்மா, ஒண்ணு போதாதா?" என்றார் பின்வரிசை வங்கிக்காரர்.

"வலி உங்களுக்கா, எனக்கா?"

அவ்வளவுதான், கூடம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. புருஷன் முன்வாசல், பெண்டாட்டி பின்வாசல் என்றால் ஆளுக்கு அரை ஓட்டா? அரைக் கையை எப்படித் தூக்குவது? அடுத்த வருஷம் சேரப்போகிற பிள்ளைக்கு இப்போதே ஓட்டு உண்டா? பெயிலாகி இன்னொரு வருஷம் இருக்கப்போகிற பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்றா? கையைத் தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது, ரகசிய ஓட்டுதான் வேண்டும் என்றார் ஒருவர். ரகசிய ஓட்டு வேண்டுமா என்பதையே ரகசிய ஓட்டில்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் இன்னொருவர். முறைப்படியாரின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கூட்டத்துக்காகத்தானே பிறவியெடுத்து வந்தார்!

மணி அடித்தது.

பிள்ளைகள் முன்வாசலுக்கு ஓடும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு லாரி அலறிக்கொண்டு போனது.

"எனக்கு ரெண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" தையல்கார அம்மா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வங்கிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் முன்வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். மற்றவர்கள் பிள்ளைகளை மடக்கிப் பின்வாசல் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடைசியாக முறைப்படியாரின் மனைவியும் எழுந்தார்.

"எங்க போற? நீயும் போயிட்டா கூட்டம் செல்லாது!"

"பொண்ணு அங்க நிக்கிறா. செல்லாட்டிப் போகட்டும்."

காலிக் கூடம். மனிதர் அசரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பின்வாசல் வேணுங்கிறவங்க?" என்று நாற்காலிகளைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கையைத் தூக்கினார். உடனே இறக்கினார். சம ஓட்டு விழுந்தால்தான் தலைவர் வாக்களிக்கலாம். அவரே போட்ட விதி. "வேண்டாங்கிறவங்க?" யாருமில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். சம ஓட்டு! மறுபடி கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

அவர் வெளியே வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாகப் போய்விட்டிருந்தார்கள். மகள் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு நேரம் உள்ள என்னப்பா பண்ணினீங்க?"

"பின்வாசலைத் திறந்துட்டிருந்தேன்மா."

பொய்யில்லை. மனிதர் மனதார நம்புகிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், 'அதெல்லாம் சரி, அவரை ஓர் இனத்தில் சேர்க்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்தீர்களா? அவர் தரப்பைக் கேட்டீர்களா?' என்று உங்கள் நாக்கு துறுதுறுத்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.