மஞ்சள் தலை விருந்தாளிகள்

கச்சிராயபாளையம் ராஜாங்கம் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். மறுநாளே மனைவி அம்சவள்ளி அதை மாற்றிவிடுவாள் என்பது வேறு விஷயம். வாத்து விஷயத்தில் மட்டும் அசையவே மாட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல ஒரு மூலை குடுங்க. நாலு வாத்து வளர்த்துக்கறேன்."

"வாத்தா? நாறும்! இந்த வூட்டுப் படிய ஒரு வாத்து மிதிச்சா நான் ராஜாங்கமே இல்ல."

"ஊரே இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ல நின்னுக்கினு இருக்குது. நான் கேக்கறது ஒரே ஒரு மூலை."

"நீ மறியல் பண்ணாலும் கெடையாது!"

நிஜமாகவே அது மறியல் வருஷம். ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரங்கள் தை பிறந்தும் ஓரத்திலேயே கிடந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார் கள்ளக்குறிச்சி ஆதிமூலம் வாத்தியார். கோமுகி அணைக்கு வந்திருக்கும் பறவைகளை எண்ண அவருக்கு ஆள் வேண்டுமாம். ராஜாங்கம் கழுத்தில் பைனாகுலரை மாட்டி, தெற்குக் கரையை ஒப்படைத்தார். ராஜாங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி தண்ணீரை மூடியிருந்தது. கொக்கு, நாரை, நாமக்கோழி என்று எண்ணிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். தூரத்தில் ஒரு கூட்டம். மஞ்சள் தலை! நீலக் கழுத்து! ஜில்லாவில் எவனும் பார்த்திராத பறவை!

கரையில் வாத்தியாருக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி. மூச்சிரைக்க ஓடி வந்தார் ராஜாங்கம்.

"சார்! சைபீரியா வாத்து! நான்தான் பார்த்தேன்!"

"மஞ்சத் தலையா? அப்படி ஒண்ணு..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். அம்சவள்ளி அவர் இலையில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா? வழியில மறியல் இல்லீங்களா?"

"பறவைக்கு ஏதுடி மறியல்?"

"தொரத்தக் கூடாதுங்களா?"

"விருந்தாளிடி! தொரத்தறவன் கால ஒடிப்பேன்!"

"நம்ம தோட்டத்துல வந்து எறங்கிட்டா?"

"குடுத்து வெச்சிருக்கணும்! தோட்டம் பூராவும் அதுங்களுக்குத்தான். வாத்தியார் சாட்சி!"

அம்சவள்ளி பக்கத்திலிருந்த தவிட்டு வாளியைத் தட்டினாள். "பா... பா... பா..."

சைபீரியா விருந்தாளிகள் பனியைக் கிழித்துக்கொண்டு கரையேறி, குவாக் குவாக்கென்று அவள் காலைச் சுற்றிக்கொண்டன.

ராஜாங்கம் பைனாகுலரை இறக்கினார். வாத்துகளின் தலையில் பொங்கலுக்கு அரைத்த மஞ்சள். கழுத்தில், காளைக் கொம்புக்கென்று அவரே வாங்கி வந்த பெயிண்ட்!

"அணைக்கரை காசிம் பீவி வூட்டுலதான் இத்தினி நாளா வெச்சிருந்தேங்க. அவங்க வாத்தோட கலந்துடக் கூடாது பாருங்க, அதான் அடையாளம். பொங்கலாச்சேன்னு மஞ்சளும் பூசினேன்."

வாத்தியாருக்குப் புரையேறியது. அது சிரிப்பு என்று ராஜாங்கத்துக்குத் தெரியும்.

முன்னால் அம்சவள்ளி, நடுவில் வாத்துகள், கடைசியில் ராஜாங்கம் என்று ஊர்வலம் வீடு திரும்பியது. ஒரு மூலை கேட்டவளுக்கு முழுத் தோட்டமும் கிடைத்துவிட்டது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு ஏனோ பெருமைதான் வந்தது. இப்படி ஒரு மூளை இந்த ஊரில் வேறு எவன் வீட்டில் இருக்கிறது?

வாத்துகள் ஒவ்வொன்றாகப் படியை மிதித்து உள்ளே போயின. அம்சவள்ளி பணிவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இனிமே உங்க பேரு இன்னாங்க?"