ஆயிரத்தக்கா கேட்ட பன்னிரண்டு எழுத்து

"நீ ஒருத்தி படிச்சிட்டா உங்க தெருவே படிச்சிருமாம்மா?"

எங்கள் கல்லூரியின் சேவை முகாமை அந்த ஆண்டு எந்த ஊரில் போடலாம் என்று பேச்சு வந்தபோது, நான் எழுந்து எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதற்கு முகாம் பொறுப்பாளர் மேடம் சொன்ன பதில் இது. வகுப்பே சிரித்தது. "படிக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பெருவிரலை மையில் தோய்க்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அப்படிச் சொன்னபோது என் மனதில் யார் முகமும் இல்லை. ஆயிரத்தக்கா முகம் சத்தியமாக இல்லை. தென்காசிச் சீமையிலேயே, பாடம் சொல்லித்தர வந்தவர்களைத் தனக்குக் கூலியாள் ஆக்கிக்கொண்ட மாணவி அவள் ஒருத்திதான்.

அவள் பீடி சுற்றுகிறவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. காய்ச்சல் என்றாலும் ஆயிரம், தீபாவளி என்றாலும் ஆயிரம். தாலி ஏறுகிற நிமிஷம் வரைக்கும் மடியில் முறம் மாதிரியான சொளவும், சொளவில் பீடி இலையும் புகையிலைத் தூளுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள் என்று தெருவில் சொல்வார்கள். கட்டியவர் மூன்றே மாதத்தில், புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அதில் அவளுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். "ஆளு போனா போவட்டும். இலை வெட்டுத கத்தரியையும்லா தூக்கிட்டுப் போயிட்டான்!"

பங்குனி மாதம், தேர்வுக்கு முந்தின பத்து நாள் லீவில் முகாம் வந்தது. நாற்பது பெண்கள். அதில் முப்பது பேர் சேவைக்கு வரவில்லை, குற்றாலத்துக்கு வந்தார்கள். என் ஹாஸ்டல் தோழி லலிதா மதுரைக்காரி. எண்ணெய், சீயக்காய், மாற்றுத் துணி என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். முகாம் தொடங்குவதற்கு முந்தின நாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பங்குனி வெயிலில் பேரருவி, பாறையில் யாரோ ஈரத்துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. நாற்பது பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு கை தண்ணீர் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினோம். மறுநாளிலிருந்து வேறு வழியில்லாமல் எல்லோரும் சேவை செய்தார்கள்.

காலையில் மேடம் விசில் ஊதுவார், தெரு கூட்டுவோம். மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு. பத்தாம் நாள் பத்துப் பெண்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த ஆண்டும் முகாம் இங்கேதான், இல்லையென்றால் வேறு ஊர். மேடம் இதை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் நாள் வகுப்புக்கு வந்தது ஒரே ஒரு ஆடு.

"பாத்தியா?" என்றார் மேடம்.

நானும் லலிதாவும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினோம். ஆயிரத்தக்கா வாசலில்தான் ஏழெட்டுப் பெண்கள் கூடிப் பீடி சுற்றுவார்கள். அவள் அசைந்தால் அத்தனை பேரும் அசைவார்கள்.

"அக்கா, படிக்க வாங்க."

"வாரேன்ட்டி. நான் அங்கன வந்து குந்திக்கிட்டா இங்கன என் ஆயிரத்த யாரு சுத்துவா? உங்க மேடமா?"

"ஒரு மணி நேரந்தானக்கா."

"ஒரு மணி நேரத்துல நூறு போயிரும். சரி, ஒண்ணு செய்யி. நான் உன் சிலேட்டப் புடிக்கேன், நீ என் சொளவப் புடி. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டு."

ஒரு கட்டு என்றால் இருபத்தைந்து பீடி. லலிதா என்னைப் பார்த்தாள். நான் மேடத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு, "சரி" என்றேன்.

மறுநாள் மதியம் எட்டுப் பெண்கள் சொளவோடு வகுப்புக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் இன்னும் ஒருத்தி. அவர்கள் சிலேட்டில் எழுத, கல்லூரி மாணவிகள் சுவரோரம் சம்மணமிட்டுப் பீடி சுற்றினோம். அம்மா சுற்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் அம்மா என்னைத் தொட விடமாட்டாள். ஆகையால் எனக்கும் கை வரவில்லை. லலிதா சுற்றிய முதல் பீடி எலியை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் புடைத்திருந்தது.

"இது பீடியாட்டி? புள்ளத்தாச்சில்லா!" என்று ஆயிரத்தக்கா அதைத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் பீடிக்கடை ஏஜெண்டு எங்கள் கட்டுகளைப் பிரித்து, பாதியை வெளியே வீசினாராம். கழித்த பீடிகளை ஆயிரத்தக்கா மறுநாள் அப்படியே கொண்டுவந்து எங்கள் முன்னால் கொட்டினாள். "பி.ஏ. படிக்குத கை! திருத்திச் சுத்துங்கட்டி." ஐந்தாம் நாள் கழிக்கிற பீடி பாதியாகக் குறைந்தது. அவள் முகத்தில் ஒரு வாத்தியாருக்குரிய களை வந்துவிட்டது.

மற்றவர்கள் ஒழுங்காக அ, ஆ என்று தொடங்கித் தங்கள் பெயர் எழுதப் பழகினார்கள். இவள் மட்டும் அகரத்தைத் தொட மாட்டேன் என்றாள்.

"எனக்கு எல்லா எழுத்தும் வேண்டாம். பன்னெண்டு எழுத்து போதும்."

"எந்தப் பன்னிரண்டு?" என்று மேடம் கேட்டார்.

"அது என் பாடு."

தினமும் ஒன்றோ இரண்டோ எழுத்தைச் சொளவில் கிடக்கிற தூளில் விரலால் வரைந்து காட்டுவாள். "இது என்னது?" முதல் நாள் வரைந்தது 'தீ'. அடுத்து 'ங்'. உலகத்தில் எந்த மாணவியும் தமிழை 'ங்'கில் தொடங்கியதில்லை என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு 'பா', 'ல்', 'கே', 'சி'. லலிதா ராத்தூக்கம் கெட்டு அவற்றை ஒட்டிப் பார்த்தாள். "இது காதல் கடிதம்டி! புனலூர்க்காரருக்கு எழுதப்போறா!" என்றாள். நான் கேட்டேன்.

"அவனுக்கா? அவனுக்குப் பன்னெண்டு எழுத்து எதுக்கு? ரெண்டு கெட்ட வார்த்த போதும்!" என்றாள் அக்கா.

ஒன்பதாம் நாள் பன்னிரண்டும் முடிந்தது. "வாங்கட்டி, இன்னைக்கு நீங்களும் கூடைய எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க" என்றாள்.

பீடிக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே நிழலில் ஏஜெண்டு உட்கார்ந்திருப்பார். நாலு மணி வெயிலில் ஐம்பது பெண்கள் தெருவில் நிற்பார்கள். பேர் கூப்பிட்டதும் படியில் கூடையை வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். யாராவது காலைத் தூக்கிப் படியில் வைத்தால், தலைக்கு மேலே தொங்கும் பலகையை ஏஜெண்டு காட்டுவார். "எழுதியிருக்குல்லா? பொம்பளைங்க படி ஏறக்கூடாது. கம்பெனி உத்தரவு." படிக்கத் தெரிந்த யாருக்கும் அந்தப் படியில் வேலை இல்லை. ஆகையால் அது உத்தரவாகவே இருந்தது.

அன்று ஆயிரத்தக்கா கூடையோடு படியில் ஏறினாள்.

"ஏட்டி, போர்டு கண்ணுக்குத் தெரியலயா?" என்றார் ஏஜெண்டு, வாயில் வெற்றிலையோடு.

"தெரியுது அண்ணாச்சி. இன்னைக்குத்தான் தெரியுது." அவள் விரலை நீட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்திப் படித்தாள். "இ... ங்... கே. இங்கே. எ... ச்... சி... ல். எச்சில்..."

பின்னால் வரிசை கலைந்து படியருகே நெருங்கியது.

"து... ப்... பா... தீ... ர். இங்கே எச்சில் துப்பாதீர்!" அவள் எங்கள் பக்கம் திரும்பி, "சரியாட்டி?" என்றாள்.

"சரி அக்கா" என்று கத்தினோம்.

"ஏ அண்ணாச்சி! நாங்க உள்ள வந்து துப்பவா போறோம்? இங்கன துப்புதது நீரு ஒருத்தருதான?"

ஏஜெண்டால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் வெற்றிலைச் சாறு ஒழுகிவிடும், துப்பவும் முடியாது. அந்த இடைவெளியில் ஐம்பது பெண்களும் படி ஏறி நிழலில் நின்றுவிட்டார்கள். என் அம்மாவும்.

ஊரெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். படியருகே போய் எட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்திருப்பேன். அம்மா நிற்கிற வரிசையில் என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எதிர்ப்பக்கம் நடந்தேன். அத்தனை வருஷப் படிப்பு என் கையில் இருந்தது. ஆயிரத்தக்கா வெயிலில் நின்று, நாளுக்கு ஒன்றிரண்டு எழுத்தாக அதன் உருவத்தை மனதில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பத்தாம் நாள் நிறைவு விழா. பதிவேட்டில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்துக் கணக்கை நிரப்ப என் அம்மாவை இழுத்துவந்து, முந்தின நாள் மாலையெல்லாம் கையைப் பிடித்துப் பழக்கியிருந்தேன். அம்மாவும் போட்டாள். ஆயிரத்தக்கா வந்தாள், பேனாவைப் பார்த்தாள், மையில் பெருவிரலைத் தோய்த்து அழுத்தினாள்.

"என்ன இது! உங்களுக்குத்தான் எழுத்து தெரியுமே?" என்று மேடம் பதறினார்.

"என் பேரு அந்தப் பன்னெண்டுக்குள்ள வராது. என் பேரு எனக்குத் தெரியும், அத எழுதி வேற பாக்கணுமா? தெரியாதத தெரிஞ்சுக்கிடத்தான படிப்பு?"

மேடம் பதிவேட்டில், 'எழுத்தறிவு பெற்றோர்: ஒன்பது' என்று எழுதினார்.

"பத்து மேடம்" என்றேன்.

"ரேகையை எப்படிம்மா சேர்க்கிறது? விதி அதுதான்."

"அப்போ விதி தப்பு மேடம். இந்த ஊர்ல உண்மையாப் படிச்சது அவங்க ஒருத்தர்தான்."

மேடம் பதிவேட்டை மூடினார். முகாம் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போனது.

கதை அதோடு முடியவில்லை. முகாம் முடிந்த ஒரு வாரத்தில் கடையில் புதுப் பலகை தொங்கியது. நான் சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது ஆயிரத்தக்கா ஓடி வந்தாள்.

"இப்ப நெசமாவே எழுதிட்டான் போலட்டி! நீயே வந்து படி."

'பெண்கள் வெளியே நிற்கவும்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. படித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, வேலை வந்த சுறுசுறுப்பு வந்தது.

"நிற்க மாட்டோம்னு எழுத எத்தன எழுத்து?"

"ஏழு. நாலு அவரு பலகையிலயே இருக்கு. மூணுதான் வேணும்."

"அப்ப மிச்சத்த அவன்கிட்டயே எடுத்துக்கிடுவோம்!" என்று அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின.

மூன்று எழுத்துக்கு மூன்று கட்டு சுற்றிக் கொடுத்தேன். அவள் கடைச் சுவரில், ஆள் உயரத்துக்கு, சுண்ணாம்பால் எழுதினாள். எழுத்து கோணல்தான், ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிந்தது. மூன்று நாள் எந்தக் கூடையும் கடைக்குப் போகவில்லை. நாலாம் நாள் ஏஜெண்டு தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.

பி.ஏ. முடித்துவிட்டேன். கல்லூரி வராவிட்டால் என்ன? தலைமையாசிரியரிடம் கேட்டு, பள்ளிக்கூடத்தின் ஒரு அறைச் சாவியை வாங்கினேன். போன திங்கட்கிழமையிலிருந்து மதிய வகுப்பை நானே நடத்துகிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள். ஆயிரத்தக்கா வருவதில்லை. தங்களுக்கு எதிராக எவனாவது புதிதாக எழுதினால் அன்றைக்கு வருவாளாம்.

முதல் வரிசையில் ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறேன். யாராவது அதில் உட்காரப் போனால், "இங்கன வாங்க, அது வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன்.