நீங்க போடுங்க மாப்ள

வீட்டில் உட்கார்ந்து டிவியில் கூடைப்பந்து பார்க்கிறவனுக்குத் தெரியாத ஆட்ட நுணுக்கம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. "அட மடையா, அந்தப் பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கிறானே, அவனுக்குக் குடுக்கக் கூடாதா?" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என்ன, என் பேச்சை நம்பி ஒரு கம்பெனி ஆளே எடுத்துவிட்டது.

அப்போது நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். செப்புக் கம்பி, பேரிங், ரப்பர் வாஷர் எல்லாம் நான் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே வரும். எங்கள் எம்.டி.க்குக் கூடைப்பந்து என்றால் உயிர். கம்பெனிக்கென்று ஒரு அணி வைத்திருந்தார். வருஷா வருஷம் கம்பெனிகளுக்கு இடையில் நடக்கிற போட்டியில் எங்கள் அணி முதல் சுற்றில் தோற்கும். தோற்ற கையோடு ஏன் தோற்றோம் என்று நான் வாட்ஸ்அப் குழுவில் பத்தி பத்தியாக எழுதுவேன். (கல்லூரியில் நானும் அணியில் இருந்தேன். தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில்.)

அந்த வருஷம் எங்கள் பாயின்ட் கார்டு துபாய்க்குப் போய்விட்டார். பந்தைக் கொண்டுவந்து, யாரிடம் எப்போது கொடுப்பது என்று கண நேரத்தில் முடிவெடுக்கிற ஆள் அவர்தான். கேப்டன் சென்னியப்பன் என்னைக் கேன்டீன் ஓரமாக ஒதுக்கிக் கூட்டிப்போனார்.

"என்ற மச்சினன் நவீன் காங்கேயத்துல நெம்ப நல்லா ஆடுறாருங்க. நானே சொன்னா நல்லா இருக்காது. நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துப்போட்டு வந்து எம்.டி.கிட்டச் சொல்லுங்க."

நான் போவதைச் சென்னியப்பனின் மனைவி கவிதாமணி எப்படியோ தெரிந்துகொண்டு போன் செய்தார்.

"ஏனுங்ண்ணா, தம்பிக்கு வேலை கெடைச்சா சந்தோசந்தானுங்க. ஆனா மாமனும் மச்சினனும் ஒரே டீமுல ஆடி ஏதாச்சும் மனஸ்தாபம் ஆயிரக் கூடாதுங்க. வைகாசில பாப்பாவுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் மடியிலதான் உக்கார வெக்கோணும். ரெண்டு ஊடும் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சுன்னா நான் எந்தப் பக்கம் நிக்கறதுங்க?"

"அம்மணி, அது என் பொறுப்புங்க" என்றேன். யோசிக்காமல் வாக்குக் கொடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

காங்கேயத்தில் நான் பார்த்த ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நவீனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான தேகம், ஆனால் தொண்டை மட்டும் வெண்கலம். "டேய் பிரபு, அக்கட்ட ஓடுடா! டேய் குட்டி, என்னடா வாயப் பாத்துட்டு நிக்கறே, உள்ள போடா!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும். கத்தப்பட்டவன் சரியாக அந்த இடத்தில் இருப்பான். திரும்பிப் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் இருக்கிறவனுக்குப் பந்து கொடுத்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த ஆளுக்கு இன்னொரு கண் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன எண்ணெய் ஆலை இருந்தது. அரிசிம்பருப்பு சாதம் செய்து, அதன் தலையில் நெய்யைக் கொட்டினார் நவீனின் அம்மா. அணியிலிருந்த மற்ற நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"இவங்கெல்லாம் இங்கேயே சாப்பிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எங்க கொழுந்தனாரு பசங்கதானுங்க. இவனுக்கு எளையவனுக. இவன் பேச்சத் தட்ட மாட்டானுக" என்றார் அம்மா.

ஆட்டக்காரரைப் பற்றித் தெரிய வேண்டிய ஒரே தகவல் அதுதான். அது என் இலைக்கு நேராகவே வந்து விழுந்தது. நான் அதை "என்ன ஒற்றுமையான குடும்பம்!" என்று மெச்சிக்கொண்டு, இன்னொரு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டேன். பேரிங் வாங்கும்போது எந்த மோட்டாரில் மாட்டப் போகிறோம் என்று பத்து முறை கேட்கிறவன், ஆளை எடுக்கும்போது அதைக் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை எம்.டி. முன்னால் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். முடிவெடுக்கும் வேகம், தலைமைக் குணம், தன்னலம் இல்லாமை என்று அடுக்கினேன். "கேப்டனுக்குச் சொந்தம் வேற. நம்ம டீமுக்கு அச்சு வார்த்தாப்பல இருப்பாருங்க சார்" என்று முத்தாய்ப்பு வைத்தேன். அசெம்பிளியில் வேலை போட்டு நவீனை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பயிற்சியிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. எங்கள் அணியில் எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். நவீன்தான் கடைக்குட்டி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இப்படிக் கூப்பிட்டார்:

"ஏனுங்ண்ணா, சிரமம் பாக்காம கொஞ்சம் அந்தப் பக்கம் வாரீங்களாங்ண்ணா?"

இத்தனை 'ங்க'வையும் சொல்லி முடிப்பதற்குள் எதிரணிக்காரன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கவும் போய்விட்டான். காங்கேயத்தில் தம்பிகளை விரட்டிய தொண்டையிலிருந்து இங்கே கல்யாணப் பந்தி விசாரிப்புதான் வந்தது. அதற்கு மேல் கேப்டன் வேறு அக்கா வீட்டுக்காரர். கையில் பந்து வந்தால் முதல் மரியாதை மாமாவுக்குத்தான். மாமா எங்கே நின்றாலும், எத்தனை பேர் அவரை மறித்து நின்றாலும், பந்து அவரிடம் போகும்.

எங்கள் கோச் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அதிகம் பேச மாட்டார். "பையன் நல்ல பையன். இங்க ஒட்டுறதுக்கு ஒரு வருசமாவது ஆகுமுங்க. இந்தப் போட்டிக்கு வெளிய உக்காரட்டும்" என்றார்.

"புது இடம், கூச்சம் சார். மேட்ச்ல பாருங்க" என்றேன். என் மானம் அல்லவா பெஞ்சில் உட்காரும்?

போட்டி கோயமுத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. எதிரணி ஒரு கிரைண்டர் கம்பெனி. இரண்டு சம்பந்தி வீட்டாரும் வந்து கேலரியில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பனின் அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். பக்கத்தில் கவிதாமணி, மடியில் பாப்பா. எம்.டி. எனக்கு அடுத்த நாற்காலியில்.

முதல் பாதியில் ஒரு காட்சி. நவீன் எல்லோரையும் ஏமாற்றி வெட்டித் திரும்பி, கூடைக்கு நேர் கீழே வந்துவிட்டார். சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. கையை உயர்த்தினால் புள்ளி. அவர் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, நீங்க போடுங்க." பந்து பின்னால் வந்தது.

சென்னியப்பனும் அதே மண்ணில் பிறந்தவர்தானே? "இல்லீங்க, நீங்க பக்கத்துல இருக்கீங்க. நீங்க போடுங்க மாப்ள." பந்து திரும்பிப் போனது.

"அட, நீங்க இருக்கறப்ப நானெப்படிங்க மாமா?"

எறிவதற்கான நேரம் முடிந்து நடுவர் விசில் ஊதினார். கிரைண்டர் கம்பெனி ஆட்கள் பந்தைப் பிடுங்கக்கூட வரவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். எம்.டி. மெதுவாக என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடைவேளையில் நான் வேலியைத் தாண்டி உள்ளே ஓடினேன். கோச் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"நவீன், இங்க பாருங்க. இந்தக் கோட்டுக்குள்ள மாமாவும் கிடையாது, அண்ணாவும் கிடையாது. இந்த நாலு பேரும் உங்க தம்பிகன்னு நெனச்சுக்குங்க. காங்கேயத்துல எப்படிக் கத்துனீங்களோ, அப்படியே கத்துங்க!"

நவீன் பயந்துபோய் மாமாவைப் பார்த்தார். சென்னியப்பன் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். "அவரு சொல்றது சரிதானுங்க மாப்ள. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இரண்டாம் பாதி தொடங்கியது. முதலில் 'அண்ணா' போனது. பிறகு 'ங்க' போனது. "இக்கட்ட வா! குடு! ஓடு!" என்று வெண்கலத் தொண்டை திறந்துகொண்டது. பந்து பறந்தது. ஐந்து பேரும் ஓடிய ஓட்டத்தை நான் அந்த மைதானத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்தங்கியிருந்தவர்கள் எட்டிப் பிடித்தோம். எம்.டி. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் அவர் தோளையே தட்டிவிட்டேன். (அவரும் பொறுத்துக்கொண்டார்.)

கடைசி விநாடிகள். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து நவீனிடம். கூடைக்கு இடது பக்கம் அகலமாக ஒரு வழி திறந்து கிடந்தது. சென்னியப்பன் அதில் பாய வேண்டும். அவரோ மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"டேய் சென்னியப்பா! என்னடா மரமாட்ட நிக்கறே? ஓடுடா!"

மைதானமே கேட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் போன பஸ்ஸுக்கும் கேட்டிருக்கும்.

பந்து சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் போனது. சென்னியப்பன் போகவில்லை. அவர் பந்தையும் பார்க்கவில்லை, கூடையையும் பார்க்கவில்லை. கேலரியில் இருந்த தன் அம்மாவைப் பார்த்தார். பந்து ஆளில்லாத வழியில் நேராகப் போய், ஸ்கோர் எழுதுகிறவரின் டீயைத் தட்டிவிட்டு, வெளியே உருண்டது. விசில். தோற்றோம்.

சென்னியப்பனின் அம்மா எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "பொண்ணு குடுத்த ஊட்டுப் பையன், நாலு பேரு முன்னால என்ற பையன டேய்ங்கறான். கேட்டுட்டு இங்க உக்காந்திருக்கோணுமா? எந்திரிங்க போலாம்" என்றார். மொத்த வரிசையும் எழுந்தது. நவீனின் அம்மா மட்டும் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார். கவிதாமணி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். அவர் தம்பியையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு மட்டும் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நவீன் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. தாய்மாமன் சீர் வேண்டாம், வேறு யார் மடியிலாவது உட்கார வைத்துக் குத்திக்கொள்கிறோம் என்று கவிதாமணியின் மாமியார் சொல்லிவிட்டார். நான் ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பஸ் ஏறினேன். "சொன்னது நான், பாவம் அந்தப் பையன் செஞ்சான்" என்று கெஞ்சினேன். பழங்களை வாங்கிக்கொண்டார்கள்.

சென்னியப்பன் மட்டும் ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை வந்து சொன்னார். "எனக்கு வருத்தமே இல்லீங்க. அந்தப் பந்து அம்சமா வந்துச்சு. நான் ஓடியிருந்தா ஜெயிச்சிருப்போம். எங்கம்மாகிட்ட அதச் சொல்ல முடியுங்களா?"

அவர் சொன்னது உண்மை. நவீன் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் சரி. எந்தக் குடும்பத்துக்கு நடுவில் நின்று எடுக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டியவன் நான்.

வைகாசியில், காங்கேயம் பக்கம் சென்னியப்பன் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. நவீனும் அவர் அம்மாவும் அழைக்காமலே சீர்த்தட்டுகளோடு வந்து, வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். பாப்பா மொட்டைத் தலையோடு வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியும் கையுமாக, "மாமன் வந்து உக்காருங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. சென்னியப்பன் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்க மாப்ள" என்றார்.

"அத்தை சொல்லட்டுங்க மாமா."

"அட, நான் சொல்றனுங்கல்ல?"

"இல்லீங்க மாமா, நீங்களே புள்ளையப் புடிச்சுக்குங்க."

"அதெப்படிங்க மாப்ள, நீங்க இருக்கறப்ப…"

எனக்கு அந்த விசில் சத்தமே காதில் கேட்டது. அப்போதுதான் கவிதாமணிக்குப் பொறுமை போனது.

"டேய் சென்னியப்பா! புள்ள கத்துது, என்னடா ஞாயம் பேசிட்டு நிக்கறே? அவன இழுத்து உக்கார வெய்யிடா!"

மேளக்காரர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். கவிதாமணியே தன் வாயைப் பொத்திக்கொண்டார். சென்னியப்பன் இந்த முறை அம்மாவைப் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் போய் மச்சினனின் கையைப் பிடித்து இழுத்து வந்து மணையில் உட்கார வைத்தார். மைதானத்தில் ஓட வேண்டிய ஓட்டம் அது.

மாமியார் மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்து வருசமா நான் கூப்புட்டு இவன் இந்த ஓட்டம் ஓடுனதில்ல, அம்மணி!" என்று சொல்லிக்கொண்டே பாப்பாவைத் தூக்கி நவீன் மடியில் வைத்தார்.

பாப்பா இப்போது பள்ளி அணியில் ஆடுகிறாள். நவீன் மறுபடி வேலைக்கு வந்து, கோச்சுக்குக் கீழே ஒரு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகு அணியின் கேப்டனாகவே ஆகிவிட்டார். அந்த வீட்டில் சென்னியப்பன் சாப்பிட வரத் தாமதமானால் மாமியாரே, "அம்மணி, மைதானத்துல கூப்புடற மாதிரி கூப்புடு" என்கிறார்.

என்னை அவர்கள் ஒரு விசேஷத்துக்கும் அழைக்காமல் விடுவதில்லை. போன மாதம் நவீனுக்குப் பெண் பார்க்கிற பேச்சு. இரண்டு ஜாதகங்களை நடுவில் வைத்து எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். என் அபிப்பிராயத்தைச் சொல்லலாமே என்று தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது. மாமியார் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"பர்ச்சேஸ்காரரு பேச ஆரம்பிக்கறாரு. அம்மணி, சீக்கிரம் அவருக்கு எலையப் போடு!"