டெல்பர்ட் முங்கியது செல்லுமா?

கர்த்தருக்குள் அன்பான வெர்லா அக்காவுக்கு,

தம்பி ஆரின் எழுதுவது. நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஒமாஹாவில் நீயும் அத்தானும் அவருடைய முழங்கால்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். தயவுசெய்து இதை உட்கார்ந்துகொண்டு படி.

என்னோடு மாட்டுப் பண்ணை பார்த்து, என் மேசையிலேயே சாப்பிடுகிற நம் டெல்பர்ட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்டாட்டி மார்வீன் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவன், அவளை அடக்கம் பண்ணின நாளிலிருந்து சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் நான் கண்ணை மூடினால் அவன் ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். "கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல, நடுவுல நீ நுழையாதே" என்பான். அப்படிப்பட்டவன், கன்றுகளுக்குச் சூடு போட்டு முடித்த அன்று, கையைக் கழுவிக்கொண்டே, "சரி, எடுத்துக்கறேன். ஆனா காத்தாலை தண்ணி இறைக்கிற நம்ம மாட்டுத் தொட்டியிலதான்" என்றான். அக்கா, நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். இவன் மனசு மாறுவதற்குள் முக்கி எடுத்துவிட வேண்டுமே என்று அடுத்த ஞாயிறே நாள் குறித்துவிட்டேன்.

இப்போது போதகர் நேதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாகோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. மனசு தங்கம், மாட்டு விஷயத்தில் மரமண்டை. ஞாயிறு விடியற்காலையில் தனியாக ஜெபிக்க வேண்டும் என்று தெற்கு மேய்ச்சல் வழியாகத் தொட்டிக்கு வந்திருக்கிறார். அங்கே மாடுகள் தண்ணீர் குடிக்க வந்து போவதற்காகக் கம்பி போட்டுக் கட்டித் திறந்து வைத்திருக்கிற கேட்டைப் பார்த்திருக்கிறார். 'ஐயோ பாவம், யாரோ மறந்துவிட்டார்கள்' என்று கம்பியை அவிழ்த்துச் சாத்திவிட்டு வந்துவிட்டார்! கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போ என்பது நம் பிள்ளைகளுக்கு 'பரமண்டலங்களில்' ஜெபத்துக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுப்பது இல்லையா? வேதாகமக் கல்லூரியில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

வெயில் என்றால் வெயில், சட்டி காய்கிற வெயில். ஆராதனை முடிந்து சபையே வந்து வீட்டுப் பக்கமாகத் தொட்டியைச் சுற்றி நின்றது. கேக், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மேசையில். மாடு ஒன்றையும் காணோமே என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது; நல்ல நாளும் அதுவுமாக வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். போதகர் தொட்டியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். டெல்பர்ட் வெளியே தொப்பியோடு நின்றான், முகம் வெளுத்துப்போய். அப்போதுதான் தெற்கே கேட் முறிகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து தாகத்தில் தவித்துக்கொண்டிருந்த மந்தை மொத்தமும் வந்துவிட்டது, அக்கா! மேசை போன இடம் தெரியவில்லை. சபையிலிருந்து லூசில் சுட்டு வந்த கேக்கில் ஒரு கிழட்டுப் பசு கண் வரைக்கும் முகத்தை விட்டது. நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் பெண்கள் லாரி மேல் ஏறி நின்று பாடிக்கொண்டே இருந்தார்கள். நெரிசலில் ஒரு கன்றுக்குட்டி தொட்டிக்குள் விழுந்து, மூக்கு மட்டும் தெரிய மூச்சு முட்டியது. "தூக்குய்யா, தூக்கு!" என்று டெல்பர்ட் கத்தினான். போதகர் அதன் வாலைப் பிடித்தார். வாலை! டெல்பர்ட் தொப்பியோடு, பூட்ஸோடு உள்ளே குதித்து, கன்றை அள்ளி வெளியே தள்ளி, பாசியில் கால் வழுக்கி, நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே குப்புற முங்கினான். முங்கினவன் தலையில் போதகர் கையை வைத்து, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே!" என்று முழங்கிவிட்டார்.



டெல்பர்ட் எழுந்து தண்ணீரைத் துப்பினான். "யோவ், நான் கன்னுக்குட்டிக்காக இறங்கினேன்யா, கர்த்தருக்காக இல்ல!"

"தொலைஞ்ச ஆட்டுக்காகத்தானே, பிரதர், கர்த்தரும் இறங்கி வந்தார்?"

"மாட்டுக்காரன் நிலத்துல நின்னுக்கிட்டு ஆட்டுப் பேச்சா? முதல்ல கேட்டைச் சாத்தினது யாருன்னு சொல்லும்!"

போதகர் தண்ணீரில் நின்றபடியே மெல்லக் கையைத் தூக்கினார். டெல்பர்ட், "ஆரின், கடவுளுக்கு என் மேல கோவம் இன்னும் தீரல போல" என்று சொல்லிவிட்டு, ஈரத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி அவன் திரும்பி வருவானா? இத்தனை வருஷம் கழித்துத் திறந்த மனசு, போச்சு, எல்லாம் போச்சு. போதகரோ, முங்கினது முங்கினதுதான், செல்லும் என்கிறார். எப்படிச் செல்லும்? தலையில் தொப்பி, வாயில் கெட்ட வார்த்தை, அதுவும் மல்லாக்கச் சாய்த்து முக்க வேண்டியவன் குப்புற! நீ ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினவள். செல்லுமா செல்லாதா என்று வசனத்தோடு எழுது. அப்படியே இந்தப் போதகரை மாற்றச் சொல்லிச் சபைத் தலைமைக்கும் ஒரு வரி போடு. மேய்ப்பனுக்குக் கேட் தெரியாவிட்டால் மந்தை என்னாவது?

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்குக் கர்த்தர் எந்தக் குறையும் வைக்காதிருப்பாராக.

மனம் நொந்த தம்பி,
ஆரின்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது டெல்பர்ட் சாப்பிட வந்து நிற்கிறான்.  ஜெபிக்கக் கண்ணை மூடி வாயைத் திறந்தேன். "இரு, நான் சொல்றேன்" என்றான். சொன்னது இவ்வளவுதான்: "கர்த்தாவே, கன்னு பொழைச்சிருச்சு. மார்வீன் பாத்திருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பா. நான் விசாரிச்சதா அவகிட்ட சொல்லு. ஆமென்." நானும் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பாட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். அக்கா, மேலே கேட்ட எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம்.